மின்தடைக்கால மாற்று எரிபொருட்கள்

மின்தடைக்கால மாற்று எரிபொருட்கள் என்பன, மின்சாரம் பல மணி நேரமோ பல நாட்களோ தடைப்படும்போது வீட்டைச் சூடேற்றவும் உணவு சமைக்கவும் பயன்படுத்தப்படும் எரிபொருட்கள் ஆகும். விறகு, கரி, மண்ணெண்ணெய், புரொப்பேன், பியூட்டேன், அற்ககோல், மெழுகு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. வெப்ப நாடுகளில் மின்தடை பெரும்பாலும் வெளிச்சத்தையும் காற்றாடியையும் சார்ந்த சிக்கலாகவே இருக்கின்றது. கனடா, வட ஐக்கிய அமெரிக்கா, உக்ரைன், காசுமீர் போன்ற குளிர்ப் பகுதிகளில் அது உயிரைக் காக்கும் வெப்பத்தைச் சார்ந்த சிக்கலாகிவிடுகின்றது.

எந்த எரிபொருளும் எரியும்போது வெப்பத்தோடு சேர்த்து வளிமங்களையும் வெளியிடுகின்றது. புகைபோக்கி இல்லாத, காற்றுப் புகாத வீட்டினுள் இவ்வளிமங்கள் தேங்கும். ஆகையால் எந்த எரிபொருளை எரிப்பது என்ற கேள்வியை விட, எரிந்த பின் அதன் புகை எங்கே போகின்றது என்ற கேள்வியே முக்கியமானது. குளிர்காலப் பெரும் மின்தடைகளின்போது குளிரால் இறப்பவர்களோடு, குளிரைப் போக்க மூட்டிய நெருப்பால் இறப்பவர்களும் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் பதிவாகியுள்ளனர்.

மின்தடையில் வெப்பம் நின்றுபோவது ஏன்?

வீட்டைச் சூடேற்ற மின்சாரத்தையே நேரடியாகப் பயன்படுத்தும் வீடுகளில் மின்சாரம் நின்றால் வெப்பமும் நிற்கும் என்பது வெளிப்படை. இயற்கை எரிவளி அல்லது எண்ணெயால் சூடேறும் வீடுகளும் அவ்வாறே நின்றுபோகும் என்பதைப் பலர் முதல் மின்தடையின்போதுதான் அறிகின்றனர். உலை எரிவளியில் எரிந்தாலும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி, நீரைச் சுற்றவிடும் பம்பி, தீப்பற்றவைக்கும் பொறி, கட்டுப்பாட்டுச் சுற்று ஆகிய அனைத்தும் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த குளிகைகளை எரிக்கும் அடுப்புகளும் இதற்கு விலக்கல்ல. குளிகைகளை நெருப்புக்குத் தள்ளும் திருகு, மின்மோட்டாரால் சுழல்வதாகும். மூட்டை மூட்டையாக எரிபொருள் கையிலிருந்தும் அடுப்பை மூட்ட முடியாத நிலை அங்கு ஏற்படுகின்றது.

சமையலறையின் எரிவளி அடுப்பு பொதுவாக வேறுபட்டது. குழாய் வழியே எரிவளி வந்துகொண்டிருக்கும் வரை பல வகை அடுப்புகளின் மேற்சுடர்களைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். ஆனால் புதிய வகைகள் சிலவற்றில் மின்சாரம் இல்லாதபோது எரிவளி வரத்தே அடைபட்டுவிடும். சமைப்பதற்காகச் செய்யப்பட்ட அடுப்பையோ சூளையையோ அறையைச் சூடேற்ற மணிக்கணக்கில் எரியவிடுவது ஆபத்தானது. அதன் வெளியேற்றம் நேராக அறைக்குள்ளேயே கலக்கின்றது.

வீடு குளிர்ந்தால் சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கும். எனவே குளிர்நாடுகளில் சூடேற்றல் என்பது ஆட்களைக் காப்பதோடு கட்டடத்தைக் காப்பதும் ஆகும்.

1998 கனடா பனிமழைப் புயல்

நீண்ட மின்தடை ஒரு நவீன சமூகத்தை என்ன செய்யும் என்பதற்கு, 1998 சனவரி 5 முதல் 10 வரை கிழக்குக் கனடாவையும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கையும் தாக்கிய பனிமழைப் புயல் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும். இதில் விழுந்தது வெண்பனி அன்று, மழையே விழுந்தது. உறைநிலைக்குக் கீழிருந்த தரை, மரக்கிளை, மின்கம்பி ஆகியவற்றின் மீது பட்டவுடன் அம்மழை உறைந்து பளிங்குபோல் படிந்தது. நாள் செல்லச் செல்லப் படிவின் எடை கூடிக் கம்பிகள் அறுந்தன, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரக் கம்பங்கள் முறிந்தன, உயர் அழுத்த மின்கோபுரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரிசையாகச் சரிந்தன.

கியூபெக், ஒன்ராறியோ, நியூ பிரன்சுவிக் ஆகிய மாகாணங்களில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இழந்தனர். மொன்றியால் நகருக்குத் தெற்கே செயின்ட் ஐயசிந்த், கிரான்பி, செயின்ட் ழான் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி மிக நீண்ட காலம் இருளில் கிடந்தமையால் "கருப்பு முக்கோணம்" என அழைக்கப்பட்டது. அங்கு சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலானது. புயல் ஓய்ந்த பின்னர் வெப்பநிலை மேலும் வீழ்ந்தது.

கியூபெக் இவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. அம்மாகாணத்தில் நீர்மின்சாரம் மலிவானது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் வீடுகளை எண்ணெயிலிருந்து மின்சாரச் சூடேற்றலுக்கு மாற்றுவது அரச கொள்கையாலும் ஊக்குவிக்கப்பட்டது. இதனால் பெரும்பான்மையான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடேறின. பல வீடுகளில் பழைய புகைபோக்கிகள் பயன்பாடின்றிக் கிடந்தன. புதிய வீடுகள் பலவற்றில் புகைபோக்கியே கட்டப்படவில்லை. மலிவான மின்சாரம் இல்லாமற்போன நாளில்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது.

சனவரி 9 அன்று மொன்றியாலின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் மின்சாரம் இழந்தன. குழாய்நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். கொதிக்கவைக்க மின்சாரம் இல்லாத வீடுகளுக்கே அவ்வறிவுறுத்தல் சென்றது. பாடசாலைகளும் சமூகக் கூடங்களும் தங்குமிடங்களாயின. ஏறத்தாழ 16,000 படையினர் உதவிக்கு அனுப்பப்பட்டனர். புயல் தாக்காத பகுதிகளிலிருந்து விறகு சேகரிக்கப்பட்டு அனுப்பப்பட்டது. பூசெர்வில் என்னும் ஊரில் ஒரு டீசல் தொடருந்துப் பொறி தண்டவாளத்திலிருந்து இறக்கப்பட்டுத் தெருவில் ஓட்டிச்செல்லப்பட்டது. நகர மண்டபத்துக்கு மின்சாரம் வழங்க அதன் மின்னாக்கி பயன்பட்டது.

இலட்சக்கணக்கான மரங்கள் முறிந்து தெருவெங்கும் கிளைகள் குவிந்து கிடந்தபோதிலும் அவற்றை உடனே எரிக்க முடியவில்லை. பச்சை மரம் எரிவதில்லை, புகைவதே மிகுதி.

புயலின் போதும் அதன் பின்னரும் நேர்ந்த இறப்புகளுக்கு உடல் வெப்பக் குறைவு, வீட்டுத் தீ, விழும் பனிக்கட்டி ஆகியவற்றுடன் காபனோரொட்சைட்டு நச்சும் காரணமாயிற்று. ஒன்ராறியோவின் கிங்சுடன் நகர மருத்துவமனைகளும் ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநில மருத்துவமனைகளும் இந்நச்சுக்கு உள்ளானோர் கூட்டமாக வந்ததைப் பதிவு செய்துள்ளன. மூடிய இடத்தில் ஓட்டிய மின்னாக்கி, மண்ணெண்ணெய்ச் சூடேற்றி, புரொப்பேன் சூடேற்றி ஆகியனவே பெரும்பாலும் அதன் மூலங்களாக இருந்தன.

காபனோரொட்சைட்டு

காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்பது கரிமம் கொண்ட எப்பொருளும் போதிய ஒட்சிசன் (ஆக்சிசன்) இன்றி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் வளிமம் ஆகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைகின்றது. எனவே காற்றில் மிகச் சிறிய அளவே இருந்தாலும், நேரம் செல்லச் செல்லக் குருதியின் ஒட்சிசன் ஏந்தும் திறனை அது கைப்பற்றிவிடும்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, களைப்பு என்பன முதல் அறிகுறிகள். இவை சாதாரணத் தடிமன் காய்ச்சலை ஒத்திருப்பதால், குளிர்காலத்தில் பாதிக்கப்பட்டவர் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவதே வழக்கம். அந்த உறக்கமே பலருக்கு இறுதியாகியுள்ளது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருவது, காய்ச்சல் இல்லாமலிருப்பது, வெளியே சென்றால் தணிவது ஆகியவை இந்நச்சை இனங்காட்டும் குறிகள் ஆகும். அவ்வாறு ஐயம் எழுந்தால் அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்தே அவசர உதவியை அழைத்தல் வேண்டும். காரணத்தைத் தேடி உள்ளே நிற்றல் கூடாது.

சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது குருதியில் இணைந்த இவ்வளிமம் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஒட்சிசன் கொடுக்கப்பட்டால் அந்நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைகின்றது. இவ்வளிமத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒத்தது. அது கீழே தங்குவதும் இல்லை, மேலே சென்று ஒதுங்குவதும் இல்லை. அறை முழுதும் கலந்துவிடுகின்றது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பல இறப்புகளுக்குக் காரணமாயுள்ளது.

விறகு

விறகு எரிபொருட்களுள் பழமையானது. முறையான அடுப்பும் புகைபோக்கியும் உள்ள வீட்டில், மின்சாரம் சிறிதும் வேண்டாத ஒரே முழுமையான சூடேற்றும் முறையும் இதுவே எனலாம். ஒரே அடுப்பு அறையைச் சூடாக்கும், நீரைக் கொதிக்கவைக்கும், உணவையும் சமைக்கும்.

விறகின் தரத்தை அதன் ஈரமே முடிவு செய்கின்றது. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கலாம். அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகின்றது. நெருப்பும் குளிர்ந்து புகை கூடுகின்றது. பிளந்து, மழை படாமல் அடுக்கி, காற்றோட்டமாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை உலர்த்திய விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும். அத்தகைய விறகின் ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 15 மெகாயூல் வெப்பம் தருகின்றது. இரண்டு துண்டுகளைத் தட்டும்போது "ணங்" என்ற ஓசை எழுந்தால் அது உலர்ந்த விறகு. மந்தமான ஓசை எழுந்தால் ஈரமானது.

ஈர விறகின் புகை, குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கருந்தாராகப் படிகின்றது. பின்னொரு நாள் நெருப்பு ஓங்கி எரியும்போது இப்படிவு தீப்பற்றிக் கூரைக்குப் பரவலாம். பல ஆண்டுகள் துப்புரவு செய்யாத புகைபோக்கியை மின்தடை வந்த இரவில் முதன்முறையாக மூட்டுவது இதனாலேயே ஆபத்தானது. பறவைக்கூடு அடைத்திருந்தால் புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பும்.

திறந்த கணப்பு அழகானது. ஆனால் சூடேற்றுவதற்குத் திறனற்றது. சூடான காற்றின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் குளிர்காற்று கதவிடுக்குகளால் உள்ளே இழுக்கப்படுகின்றது. கதவுடன் கூடிய வார்ப்பிரும்பு அடுப்பு, காற்று வரத்தைக் கட்டுப்படுத்துவதால் இதனை விடப் பன்மடங்கு பயன் தருகின்றது.

வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, நெகிழி ஆகியவற்றை எரித்தல் கூடாது. கறையான் பிடிக்காதிருக்க வேதிப்பொருள் ஏற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அது புகையிலும் சாம்பலிலும் எஞ்சும். இரண்டாம் உலகப் போரில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராது நகர மக்கள், 1941-42 குளிர்காலத்தில் "பூர்சுயிக்கா" என்னும் தகர அடுப்புகளில் தளபாடங்களையும் நூல்களையும் எரித்துக் குளிர் காய்ந்தனர். சன்னல் வழியே வெளியே நீட்டிய குழாயே அவ்வடுப்புகளின் புகைபோக்கி. 2022-23 குளிர்காலத்தில் உக்ரைனின் மின்கட்டமைப்பு தாக்கப்பட்டபோது அதே பெயர் கொண்ட அடுப்புகள் மீண்டும் பரவலாகப் பயன்பட்டன.

கரி

மரக்கரி ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 30 மெகாயூல், அதாவது உலர்ந்த விறகைப் போல் இரு மடங்கு வெப்பம் தருகின்றது. மின்தடைக்கால எரிபொருட்களுள் மக்களை மிக எளிதாக ஏமாற்றுவதும் இதுவே. தணலான கரியில் புகை இல்லை, சுடர் இல்லை, கண் எரிவதில்லை. எனவே "புகை இல்லை, ஆகவே தீங்கில்லை" என்று தோன்றும். உண்மையில் தணலின் அடியில் உண்டாகும் காபனீரொட்சைட்டு, மேலுள்ள சிவந்த கரியினூடே எழும்போது கரியுடன் வினைபுரிந்து காபனோரொட்சைட்டாக மாறுகின்றது. ஆழமாக அடுக்கிய, மெதுவாகக் கனலும் தணல் இந்நச்சை இடையறாது உருவாக்கும் சிறு ஆலை எனலாம்.

1993 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைத் தாக்கிய சூறைக்காற்றின் பின்னர், மின்சாரமற்ற வீடுகளுக்குள் கரி மூட்டியவர்கள் பலர் நச்சுக்கு உள்ளாகினர். அவர்களுள் ஆங்கிலம் பேசாத குடிவரவாளர்களின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்தை விட மிகக் கூடுதலாக இருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 2006 திசம்பர் நடுப்பகுதியில் அதே பகுதியில் இன்னொரு புயல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மின்சாரத்தைத் துண்டித்தது. அதே நிகழ்வு மீண்டும் நடந்தது. அப்போது சியாட்டில் டைம்சு நாளிதழ், வீட்டுக்குள் கரி எரிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தன் முதற்பக்கத்திலேயே பல மொழிகளில் வெளியிட்டது. கரிப்பையின் மீது எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தும் அதைப் படிக்க இயலாதவர்களே அதனை வாங்கி எரித்தனர் என்பதே அதற்குக் காரணம்.

இதனை வெறும் அறியாமை எனக் கொள்வது சரியன்று. தமிழகத்திலும் ஈழத்திலும் அடுப்படி பெரும்பாலும் வீட்டின் ஓரத்திலோ தனிக் கொட்டிலாகவோ அமைந்தது. ஓட்டுக் கூரையின் இடைவெளி, சுவரின் மேற்புறத் துளைகள், எப்போதும் திறந்த கதவு ஆகியன புகையை வெளியேற்றின. அத்தகைய வீட்டில் கரிச்சட்டியில் சாம்பிராணி போடுவதும் தணலில் கிழங்கு சுடுவதும் கேடின்றி நடந்தன. குளிர்நாட்டு அடுக்குமாடி வீடோ, வெப்பம் ஒரு துளியும் வெளியேறாதவாறு அடைத்துக் கட்டப்பட்டது. ஊரில் பாதுகாப்பாக இருந்த அதே செயல் இங்கு உயிர்க்கொல்லியாவதற்குக் கரியில் ஏற்பட்ட மாற்றம் காரணமன்று, சுவரே காரணம். 2013 திசம்பர் 21-22 இல் ரொறன்ரோவைத் தாக்கிய பனிமழையின்போது ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தமிழர் செறிந்து வாழும் இசுகார்பரோவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போதும் வீட்டினுள் கரி அடுப்பு மூட்டுவதற்கு எதிராக அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் மின்வெட்டு வழமையான காசுமீரில், கூடை பின்னிய மண்சட்டியில் தணலிட்டுச் செய்யும் "காங்கிரி"யை மக்கள் பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். அறை முழுவதையும் சூடேற்றாமல் ஆளை மட்டும் சூடேற்றுவதால் மிகக் குறைந்த கரியே போதுமானது. பல ஆண்டுகள் வயிற்றிலும் தொடையிலும் படும் வெப்பத்தால் தோற்புற்று உண்டாவது 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவ நூல்களில் "காங்கிரிப் புற்று" எனக் குறிக்கப்படுகின்றது. மூடிய அறையில் காங்கிரியுடன் உறங்குவதால் ஏற்படும் நச்சும் அங்கு அறியப்பட்டதே.

மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 43 மெகாயூல் வெப்பம் தருவது, அறை வெப்பநிலையில் எளிதில் தீப்பற்றாதது, பல மாதங்கள் சேமிக்கத்தக்கது. சப்பானில் திரியால் எரியும் மண்ணெண்ணெய்ச் சூடேற்றிகள் வீட்டுப் பொருளாகவே உள்ளன. 2011 மார்ச்சு நிலநடுக்கத்தின் பின்னர் தங்குமிடங்களில் மின்சாரம் வேண்டாத இவ்வகை அடுப்புகள் பெரிதும் உதவின. விசிறி பொருத்திய புதிய வகைகள் மின்சாரமின்றி இயங்காதமையால் அவ்வேளையில் பயனற்றுப் போயின.

கந்தகம் குறைந்த தூய மண்ணெண்ணெயையே வீட்டினுள் பயன்படுத்தல் வேண்டும். திரி சீராக வெட்டப்படாவிட்டால் புகைக்கரியும் நச்சு வளிமமும் கூடும். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் அது வெடிபொருளுக்கு நிகராகிவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றும் ஆவியைத் தரும். பெற்றோலோ உறைநிலைக்கு 40 பாகை கீழேயும் தரும். இதனாலேயே வட அமெரிக்காவில் பெற்றோலுக்குச் சிவப்புக் கலனும் மண்ணெண்ணெய்க்கு நீலக் கலனும் வழக்கிலுள்ளன. எரிந்துகொண்டிருக்கும் அல்லது இன்னும் சூடாக உள்ள அடுப்பில் எண்ணெய் ஊற்றுதல் கூடாது. தமிழ்நாட்டில் பம்பு அடுப்பு வெடித்துத் தீக்காயமுற்றோர் பற்றிய செய்திகளை முன்பு அடிக்கடி படித்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புரொப்பேனும் பியூட்டேனும்

இவை இரண்டும் அழுத்தத்தில் நீர்மமாக்கப்பட்டுக் கலன்களில் வருபவை. இந்தியாவிலும் இலங்கையிலும் சமையல் எரிவாயு என்பது இவற்றின் கலவையே. குளிரில் இவற்றின் வேறுபாடு பெரிதாகின்றது. புரொப்பேன் உறைநிலைக்கு 42 பாகை செல்சியசு கீழே வரை கொதித்து வளிமமாகும்; பியூட்டேனோ உறைநிலைக்கு அரைப் பாகை கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும். மேசை மீது வைத்துச் சமைக்கும் சிறிய பியூட்டேன் அடுப்பைக் கனடியக் குளிரில் வெளியே எடுத்துச் சென்றால், கலன் நிறைந்திருந்தும் சுடர் வராது. கலன் பழுதென்று எண்ணி அதனை நெருப்பருகே வைத்துச் சூடாக்குவது வெடிப்பில் முடியக்கூடும்.

புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு எடை கூடியது. கசிந்தால் தரையோடு பரவி நிலவறையில் தேங்கும். எனவே பெரிய கலன்கள் எப்போதும் வெளியிலேயே இருத்தல் வேண்டும். உள்ளறைப் பயன்பாட்டுக்கெனச் சான்று பெற்ற சிறு சூடேற்றிகளில், ஒட்சிசன் குறைந்தால் தானே அணையும் அமைப்பு உண்டு. முகாம்களுக்கான சூடேற்றிகளிலும் வெளிமுற்றத்துக்குரிய வாட்டும் அடுப்புகளிலும் அது பொதுவாக இல்லை.

அற்ககோலும் மெழுகும்

எதனோல் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 27 மெகாயூல் தருவது. விருந்துகளில் உணவைச் சூடாக வைக்கப் பயன்படும் களி எரிபொருள் இவ்வகையினது. தேநீர் போடவும் முன்பே சமைத்ததைச் சூடாக்கவும் போதுமானது. பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அணைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் ஊற்றுவதே விபத்துகளுக்கு வழக்கமான காரணம்.

ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 80 வாற்று வெப்பம் தருகின்றது. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாற்று வெளியிடுகின்றார். ஆகவே ஒரு மெழுகுதிரியை ஏற்றுவதை விட, அயலவர் ஒருவரை அறைக்குள் அழைப்பது கூடுதல் வெப்பம் தரும். மெழுகுதிரியின் மேல் பூந்தொட்டியைக் கவிழ்த்தால் அறை சூடாகும் என்ற பரவலான நம்பிக்கையில் உண்மை சிறிதே. தொட்டி சூடாவது உண்மை. ஆனால் மெழுகு தரும் மொத்த வெப்பம் அதனால் கூடுவதில்லை. உக்ரைனில் தகரப் பேணியில் அட்டையைச் சுருட்டி வைத்து மெழுகு ஊற்றிச் செய்த "பதுங்குகுழி மெழுகுதிரிகள்" போர்முனைக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டன. அவை பல திரிகள் சேர்ந்தது போல் எரிவதால் கைகளைக் காயவும் ஒரு குவளை நீரைச் சூடாக்கவும் உதவுகின்றன.

மின்னாக்கி

பெற்றோலில் இயங்கும் சிறு மின்னாக்கி (ஜெனரேட்டர்) எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றும். அம்மின்சாரத்தால் மின்சூடேற்றியை இயக்குவது வீண். எரிவளி உலையின் விசிறியை இயக்கச் சில நூறு வாற்றுகளே போதும். அதற்கே அதனைப் பயன்படுத்துவது அறிவுடைமை. வாகனக் கொட்டகையிலோ நிலவறையிலோ சன்னலோரத்திலோ அதனை இயக்குதல் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, வெளியேற்றக் குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வைத்தல் வேண்டும். அதனை வீட்டுச் சுவரின் மின்துளையில் நேரே செருகினால் மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, அங்கு பழுதுபார்க்கும் தொழிலாளரைக் கொல்லக்கூடும்.

இலங்கையில் நீண்ட மின்தடைகள்

இலங்கையில் சூடேற்றல் தேவைப்படுவதில்லை. எனினும் நீண்ட மின்தடையில் சமையல் எவ்வாறு நடந்தது என்பதற்கு யாழ்ப்பாணம் ஓர் எடுத்துக்காட்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருட்களும் கிடைத்தற்கரியவையாயின. இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தது. மண்ணெண்ணெய் விளக்குக்கும், பெற்றோலுக்குப் பதிலாக வாகனங்களுக்கும் தேவைப்பட்டதால் அதனைச் சமையலில் செலவிடுவது ஆடம்பரமாயிற்று. விறகுடன் பனைமட்டை, தென்னம்பாளை, சிரட்டை, ஊமல் ஆகியன அடுப்புக்குச் சென்றன.

மரத்தூள் அடுப்பும் குறிப்பிடத்தக்கது. அடிப்பக்கம் துளையிட்ட ஒரு தகரத்தின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, துளை வழியே ஒரு தடியைச் செருகி, சுற்றிலும் மரத்தூளை இறுக அடைப்பர். போத்தலையும் தடியையும் மெல்ல உருவினால், உள்ளே ஒன்றோடொன்று இணைந்த இரு குழிகள் எஞ்சும். கீழ்த்துளை வழியே தீமூட்டினால் தூள் உட்புறமிருந்து வெளிப்புறமாக மெதுவாக எரிந்து சில மணி நேரம் நிற்கும். ஈரத்தூளும் தளர அடைத்த தூளும் இடிந்து விழுந்து நெருப்பை அணைத்துவிடும். இதன் நுட்பம் முழுவதும் அடைப்பதிலேயே உள்ளது.

2022 மார்ச்சு இறுதியில், பொருளாதார நெருக்கடியின்போது, இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் ஒருங்கே தட்டுப்பட்டன. விறகடுப்பு வைக்க இடமில்லாத கொழும்பின் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள், கிராமத்தாரை விடக் கூடுதலாக இடர்ப்பட்டனர்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தல்

திறந்த விறகடுப்பில் வெப்பத்தின் 10 முதல் 15 விழுக்காடே பாத்திரத்தைச் சேர்கின்றது. ஒரு இலிற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 200 கிராம் விறகு செலவாகும். காற்றுத் தடுப்பும் பாத்திரத்துக்கு மூடியும் இதனைப் பெரிதும் குறைக்கும்.

இதனினும் பயனுள்ளது வைக்கோற் பெட்டி. அரிசியோ ஊறவைத்த பருப்போ கொதித்துச் சில நிமிடங்கள் ஆனதும், பானையை அடுப்பிலிருந்து இறக்கி, வைக்கோல் அல்லது கம்பளி நிறைந்த பெட்டியில் புதைத்து மூடிவிடுவர். உள்ளே தேங்கிய வெப்பமே மீதிச் சமையலை முடிக்கும். உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பாவில் பரவலாயிருந்த இம்முறைக்கு எரிபொருள் தொடக்கத்தில் மட்டுமே வேண்டும்.

சூடேற்றலிலும் இவ்வாறே. வீடு முழுவதையும் சூடேற்ற முயலாமல், குடும்பத்தார் அனைவரும் சிறிய ஓர் அறையில் கூடி, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்து, இரவில் சேர்ந்து உறங்குவர். ஆனால் அவ்வறையில் எதுவும் எரிந்துகொண்டிருந்தால் இடுக்குகளை அடைத்தல் கூடாது. சூடேற்றலை முற்றாகத் தவிர்ப்பதும் தீர்வன்று. 2021 பெப்ரவரியில் டெக்சாசு மாநிலத்தில் ஏற்பட்ட மின்தடையின்போது நேர்ந்தனவாக அரசு கணக்கிட்ட 246 இறப்புகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உடல் வெப்பக் குறைவாலும், 19 காபனோரொட்சைட்டாலும் நேர்ந்தவை. வீட்டில் பாதுகாப்பான சூடேற்றி இல்லாதவர்கள் பொதுத் தங்குமிடத்துக்குச் செல்வதே தக்கது.

விதிமுறைகள்

ஒன்ராறியோவில் எரிபொருள் எரிக்கும் கருவி உள்ள வீடுகளில், உறங்கும் அறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு உணர்கருவி பொருத்துதல் 2014 முதல் கட்டாயமாயுள்ளது. மின்தடைக் காலத்தில் பயன்பட அது மின்கலத்தாலும் இயங்குதல் வேண்டும்.

1998 இன் பின்னர் விறகடுப்பை வைத்திருக்க விரும்பியோர் மொன்றியாலில் பலர். அதே வேளை குளிர்கால நகரக் காற்றை மாசுபடுத்தும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக விறகுப்புகை அங்கு கண்டறியப்பட்டது. 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள்களை வெளியிடும் விறகடுப்புகளைப் பயன்படுத்த அந்நகரம் தடை விதித்தது. மின்சாரம் 3 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் இத்தடை பொருந்தாது என்ற விலக்கும் அவ்விதியிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.